பள்ளியறையும் பகலொளியும்

வகுப்பறையிற் பலகணி எப்பக்கத்தில் அமைதல் வேண்டும்? சிறிதெனத் தோன்றும் இவ்வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கல்வியாளர் பலரது சிந்தையை ஈர்த்ததாகும். அதன் வரலாறு ஆசிரியராகிய நாம் அறிதற்குரியது.

அந்நாளிற் பிரசியாவுக்கும் இந்நாளிற் போலந்துக்கும் உரிய பிரெஸ்லோ நகரிலே, ஹேர்மன் கோன் என்னும் கண் மருத்துவர் 10,060 மாணவரின் கண்களைச் சோதித்து, தாம் கண்ட முடிபுகளை 1867ஆம் ஆண்டில் வெளியிட்டார். குறும்பார்வையுடையோர் கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4 ஆகவும், உயர்தரப் பள்ளிகளில் 26.2 ஆகவும் காணப்பட்டனர். வகுப்பு உயருந்தோறும் அக்குறையும் மிகுந்தது. கல்வியைக் கண்ணெனப் போற்றுவது நம் மரபு. அக்கல்வியே கண்ணைக் கெடுக்குமாயின் என் செய்வது? மங்கிய ஒளியும் பொருந்தாத மேசைகளும் இதற்குக் காரணமெனக் கோன் கருதினார்.

பள்ளி ஒளிபற்றிய இக்கவலை கட்டடக் கலையிலும் இடம்பெற்றது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்வழித் தோன்றிய இலண்டன் பள்ளிச் சபை நூற்றுக்கணக்கான பள்ளிகளை எழுப்பியது. அச்சபையின் கட்டடக் கலைஞரான றொப்சன், 1874இல் வெளியிட்ட பள்ளிக் கட்டடக்கலை பற்றிய நூலில், மாணவருக்கு இடப்பக்க ஒளியே சிறந்ததென வற்புறுத்தினார். வலக்கையால் எழுதுவோனுக்கு வலப்பக்க ஒளி கையின் நிழலைத் தாளில் வீழ்த்தும். முன்னொளி கண்ணைக் கூசச்செய்யும். பின்னொளி உடலின் நிழலை நூலின்மீது படியச்செய்யும். இடக்கையால் எழுதும் பிள்ளையை இவ்விதி எண்ணிற்றில்லை எனினும், பல நாடுகளில் அது பரவிற்று. பின்னர் 1945இல் இங்கிலாந்தின் பள்ளிக் கட்டட விதிகள், வெளியேயுள்ள வானொளியில் நூற்றிலிரு பங்கேனும் வகுப்பறையுள் கிட்டுதல் வேண்டுமென வரையறுத்தன.

ஆயினும், கோன் தந்த எண்களில் மற்றொரு பொருளும் இருந்ததென எண்ண இடமுண்டு. கிராமப் பிள்ளைகள் குறைவாகப் படித்தவர்கள் மட்டுமல்லர். வெட்டவெளியில் மிகுதியாகத் திரிந்தவர்களுமாவர். சீனாவின் குவாங்சோ நகரிற் செய்யப்பட்ட ஆய்வொன்றின் முடிபு 2015இல் வெளிவந்தது. பள்ளி நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியிற் கழித்த முதல் வகுப்புப் பிள்ளைகளுள், மூன்றாண்டில் நூற்றுக்கு 30.4 பேரே புதிதாகக் குறும்பார்வை எய்தினர். ஏனையோருள் அத்தொகை 39.5 ஆகும். மிக்க ஒளி விழித்திரையில் டோபமின் என்னும் பொருளைச் சுரப்பித்து, கண்கோளம் மிகையாக நீளுதலைத் தடுக்கின்றதென அறிஞர் கருதுவர். திறந்தவெளியின் ஒளி வகுப்பறை ஒளியினும் பன்மடங்கு மிக்கதன்றோ!

இதனாற் பலகணியை ஆய்ந்தோர் பிழைபட்டார் என்பதன்று. கூச்சமும் நிழலுமின்றிக் கரும்பலகையைக் காணவும், களைப்பின்றிப் படிக்கவும் அவர்தம் விதிகள் இன்றும் துணைபுரிவன. ஆனால், பலகணி மட்டும் போதாது. கதவும் திறத்தல் வேண்டும். இடைவேளையிலும் பாடக்குறிப்பு எழுதுவித்து மாணவரை அறையுள் இருத்திய நாள்கள் எனக்கும் உண்டு. அன்று அவர்க்கு நன்மையே செய்வதாக எண்ணினேன். அவர்தம் கண்ணுக்குரிய ஒளியைக் கவர்ந்தேன் என்பதை இன்று உணர்கின்றேன்.