தோட்டத்து டாக்டர்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு பஸ் ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இறங்கிப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி அரிது. அந்த இடம் லோம் என்ற வெள்ளைக்காரரின் பெயரால் அழைக்கப்படுகிறது. இன்னும் மேலே போனால் கவர்க்கல்லில் கார்வர் மார்ஷுக்குச் சிலை. காடு வெட்டித் தேயிலை நட்ட துரைமார்களை ஆனைமலை மறக்கவில்லை. அதே மலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கூலிக்காரர்களுக்கு மருந்து கொடுத்த டாக்டர் பால் ஹாரிஸ் டேனியலை நினைவுபடுத்தத்தான் ஒரு சினிமா வரவேண்டியிருந்தது. அந்தச் சினிமாவும் அவருக்கு நியாயம் செய்யவில்லை.

டேனியல் தோட்ட மருத்துவராக மலையேறியது 1940களின் தொடக்கத்தில். கொங்கு நாட்டில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966இல்தான் வந்தது. டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்கோ அதற்கும் அப்பாலோ போகவேண்டும். படித்து வந்தவர்களில் பலர் டவுனில் போர்டு மாட்டவே விரும்பினார்கள். கூடப் படித்தவன் எஸ்டேட் வேலைக்குப் போகிறான் என்றால் பங்களாவும் குளிர்ந்த காற்றும்தான் நண்பர்களின் நினைவுக்கு வந்திருக்கும். மலேரியா மருந்தான கொயினாவின் பாட்டிலும் குளிர்காய்ச்சலும் வந்திருக்காது.

ஆனால் ஆனைமலை என்றாலே காய்ச்சல் என்றுதான் ஒரு காலத்தில் சமவெளியில் பேச்சு. மலையேறிப் போனவன் திரும்பினால் அதிர்ஷ்டம்.

இதில் மலையின் குற்றம் பாதிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசுவான அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் சாக்கடையில் வளர்வதில்லை. மெதுவாக ஓடும் தெளிந்த ஓடை, கரையோரம் புல், மேலே வெயில், இவைதான் அதற்கு வேண்டும். அடர்ந்த சோலைக்குள் ஓடும் நீரில் வெயில் விழாது. 1890களுக்குப் பிறகு மரங்களை வெட்டிச் சரிவுகளைத் திறந்தபோது வெயில் நேராக ஓடையில் இறங்கியது, கரையில் புல் முளைத்தது. கொசுவுக்கு வேண்டியதையெல்லாம் தோட்டமே செய்து கொடுத்தது. போதாக்குறைக்குத் துரை பங்களா காற்றோட்டமான மேட்டில், தொழிலாளர்களின் லைன் வீடுகள் பள்ளத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில். ஓர் அறைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அந்த அறைகளில் வந்து படுத்தவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமை போன்ற வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் உடம்பு இந்தக் காய்ச்சலை அதற்கு முன் கண்டதில்லை.

கொசுதான் காரணம் என்பது தெரியவந்ததிலும் நம் பக்கத்து மலைக்கு ஒரு பங்கு உண்டு. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் படித்து 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ரொனால்ட் ராஸ், 1897 கோடையில் நீலகிரிக்கு வந்தார். மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் மலைப்பாதையில் ஆராய்ச்சி செய்யப் போய்த் தானே காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானம் வேகமாகத்தான் போனது. தோட்டத்து லைன்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை கொயினாதான் மருந்து, பல எஸ்டேட்டுகளில் கம்பவுண்டர்தான் டாக்டர்.

கொயினா எடுக்கும் சின்கோனா மரமும் இங்கேயே நின்றது. வால்பாறைக்கு அப்பால் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. அரசு சின்கோனா பயிரிட்ட இடம் அது. 1942இல் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனபோது உலகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த கொயினாவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஒரேயடியாக நின்றுபோனது. அப்போதுதான் இப்படிப்பட்ட மலைத்தோட்டங்களின் அருமை அரசாங்கத்துக்கு உறைத்தது. இன்று அந்த ஊரிலும் தேயிலைதான்.

டேனியல் வேலைக்கு வந்த நேரம் இது. மலேரியா, ரத்தசோகை, கொக்கிப்புழு, வயிற்றுப்போக்கு, அட்டை கடித்து ஆறாத புண் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியின் வரிசை நீளம். நோயாளியிடம் முன்கதை கேள் என்பது மருத்துவக் கல்லூரியில் முதலில் பழக்கும் வேலை. எப்போதிருந்து காய்ச்சல், எங்கிருந்து வந்தாய், என்ன சாப்பிட்டாய்? இந்தக் கேள்விகளை நேர்மையாகக் கேட்கும் டாக்டருக்குக் காய்ச்சலைத் தாண்டிய பதில்களும் வந்து விழும். வயதான தொழிலாளர்கள் அவரிடம் சொன்னது அவர் காலத்துக்கு முந்திய கதை. ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து கையில் திணித்த முன்பணம், அதைக் கட்டி முடிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்ட வேலை, வழியில் செத்துப்போன குழந்தைகள்.

முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு ஓடினால் அது குற்றம். 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி மாஜிஸ்திரேட் அவனை மீண்டும் வேலைக்கு அனுப்பலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். 1925இல்தான் அதை ரத்துசெய்ய முடிவெடுத்தார்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் கடன் குறையாது. கடன் குறையாவிட்டால் மலையிறங்க முடியாது, இறங்காதவனுக்கு அடுத்த மழை முடிந்ததும் மறுபடி காய்ச்சல். இந்த வளையத்தை எந்தச் சீட்டில் எழுதிக் கொடுப்பது?

டேனியல் நாவலாக எழுதினார். ‘ரெட் டீ’ 1969இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மயிலோடை கிராமத்துக் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி ஆனைமலைக்கு வந்து மாட்டிக்கொள்ளும் கதை. காலம் 1920கள், அதாவது அவர் நேரில் பார்க்காத காலம். அதில் ஆபிரகாம் என்று ஒரு டாக்டர் வருகிறார். கூலிகளை மனிதர்களாக நடத்துகிறார், அதனாலேயே துரைமார்களோடு உரசுகிறார். ஆபிரகாமுக்குள் டேனியல் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது வாசகருக்குத் தவிர்க்க முடியாத ஆசை.

தேயிலைத் தோட்டத்துத் துயரத்தைத் தமிழில் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் முன்பே எழுதிவிட்டார். அஸ்ஸாமை வைத்து முல்க் ராஜ் ஆனந்த் 1937இல் எழுதிய நாவலிலும் மனசாட்சியுள்ள ஒரு டாக்டர் உண்டு. ஆனால் இருவரும் வெளியிலிருந்து பார்த்த எழுத்தாளர்கள். டேனியலுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லத்தக்கவர் ஏ. ஜே. குரோனின். 1920களில் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரான ட்ரெடிகரில் வைத்தியம் பார்த்து, அந்த அனுபவத்தை 1937இல் ‘தி சிட்டாடல்’ நாவலாக்கியவர். அந்த நூல் லட்சக்கணக்கில் விற்றது. 1948இல் பிரிட்டன் எல்லோருக்கும் இலவச வைத்தியம் கொண்டுவந்ததற்கு அது மனநிலையைத் தயார்செய்தது என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனைமலை டாக்டரின் புத்தகத்துக்கு அப்படி யோகம் அடிக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததால் லைன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, ஆங்கிலம் படிப்பவர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதற்குள் மலையும் மாறியிருந்தது. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பறை, வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. அடிக்க ஆட்கள் வீடுவீடாக வந்தார்கள். தொழிற்சங்கங்களும் வலுத்தன. தோட்டத்து ஊழியர்களை ஒன்றுசேர்த்ததில் டேனியலுக்கும் பங்கு உண்டு. ஒரு தலைமுறைக்குள் காய்ச்சல் மலை சுற்றுலா மலையாகிவிட்டது. மருந்து தெளித்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. முன்பணக் கட்டு அறுந்து, காய்ச்சல்காரன் கூலி போய்விடும் என்ற பயமில்லாமல் படுக்க முடிந்ததும் சேர்ந்துதான் நடந்தது.

‘ரெட் டீ’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கோவைக்காரர், வழக்கறிஞரும் எழுத்தாளருமான இரா. முருகவேள். ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் வந்த பிறகுதான் டேனியலுக்கு அவருடைய வாசகர்கள் கிடைத்தார்கள். மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வராத அளவுக்குக் கருப்பனும் வள்ளியும் தங்கள் பேச்சுக்குத் திரும்பியிருந்தார்கள்.

2013இல் பாலா அதைத் தழுவி ‘பரதேசி’ எடுத்தார். முதல் பாதியின் பஞ்சமும் மலையேறும் நீண்ட நடையும் பார்த்தவர் நெஞ்சில் நிற்பவை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் வரும் இடத்தில்தான் படம் தடுமாறுகிறது. ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராக, கிட்டத்தட்டக் கோமாளியாக அவரைக் காட்டுகிறது. நாவலின் ஆபிரகாம் அப்படிப்பட்டவரே அல்ல. இதற்கு அப்போதே கடுமையான எதிர்ப்பு எழுந்தது, எழுந்ததும் நியாயம். படம் பார்த்துவிட்டு டேனியலைத் தெரியும் என்று நினைப்பவர்கள், கம்பவுண்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்த அறைக்குள் ஆபிரகாம் முதன்முதலாக நுழையும் பக்கங்களையாவது ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.