இன்சுலின் எதிர்ப்பும் ஹெபடைடிஸ் சி சிகிச்சையும்

கணையம் இன்சுலினைச் சுரந்தும் கல்லீரல், தசை, கொழுப்புத் திசு ஆகியவை அதற்குச் சரிவர இணங்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு. நாட்பட்ட ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. உடல் பருமனும் பரம்பரையும் மட்டுமல்ல, வைரஸும் இதற்குக் காரணம். இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஐ.ஆர்.எஸ்.-1 என்ற புரதம் சிதைய வைரஸின் மையப் புரதம் (கோர்) வழிசெய்கிறது. செய்தி போய்ச் சேராததால் கல்லீரல் தன் பாட்டுக்குக் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும்.

இதை அளக்க 1985இல் வெளியான ஹோமா கணக்கு பயன்படுகிறது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவையும் இன்சுலின் அளவையும் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை 100, இன்சுலின் 12 என்றால் விடை ஏறத்தாழ 3, அதாவது எதிர்ப்பு இருக்கிறது. சர்க்கரை மட்டும் பார்த்திருந்தால் இவருக்குப் பெரிய குறையொன்றும் தெரிந்திருக்காது.

இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையுமே மருந்தாக இருந்த காலத்தில் இந்த எண் நோயாளியின் தலையெழுத்தையே மாற்றியது. ஸ்பெயினின் செவில் நகர மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு வகை 1 வைரஸ் தொற்றியவர்களில் ஹோமா 2ஐத் தாண்டாதோரில் 60.5 விழுக்காட்டினர் குணமடைந்தனர், தாண்டியவர்களில் 32.8 விழுக்காட்டினரே. அப்படியானால் எதிர்ப்பைக் குறைத்தால் போதுமே என்று மெட்ஃபார்மினையும் பயோகிளிட்டசோனையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஹோமா இறங்கியது, குணமடைந்தோர் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி உயரவில்லை. ரிபாவிரினால் இன்னொரு சிக்கலும் உண்டு. அது சிவப்பணுக்களைச் சிதைப்பதால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

2013இன் இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்ற பின் கதை மாறிற்று. வைரஸை நேரடியாகத் தாக்கும் இவ்வகை மாத்திரைகளின் கூட்டு, பெரும்பாலும் 12 வாரத்தில், 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரைக் குணப்படுத்துகிறது. இன்சுலின் எதிர்ப்பு இப்போது பெரிய தடையல்ல. இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இம்மருந்துகள் இலவசம்.

வைரஸ் போனதும் பலருக்குச் சர்க்கரை இறங்குகிறது. பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம்; ஆகவே சிகிச்சையின் முதல் வாரங்களிலிருந்தே சோதித்து அளவைத் திருத்துவது வழக்கம். பருமனால் வந்த எதிர்ப்பும் கொழுப்புக் கல்லீரலும் மட்டும் மாத்திரைக்கு அசைவதில்லை. ஏற்கெனவே கல்லீரல் சுருங்கிவிட்டவர்கள், வைரஸ் நீங்கிய பின்னும், ஆறு மாதத்துக்கொருமுறை புற்றுநோய்க்கான ஸ்கேன் எடுத்துவர வேண்டும்.