தடுப்புக் காவலும் கோபாலன் வழக்கும்

குற்றம் செய்தவரைத் தண்டிப்பது வேறு, குற்றம் செய்யக்கூடும் என்று ஐயுற்று ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைப்பது வேறு. தடுப்புக் காவல் எனப்படும் இந்த இரண்டாவது அதிகாரத்தின் வரலாற்றில்தான், இந்தியாவில் குடிமைச் சுதந்திரத்துக்கும் அரசுக்கும் இருந்துவரும் உறவு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் 1818-இலும் சென்னை மாகாணத்தில் 1819-இலும் பிறப்பித்த ஒழுங்குமுறைச் சட்டங்கள், தான் விரும்பியவரை ‘அரசுக் கைதி’ என்ற பெயரில் சிறையில் வைக்க அதற்கு வழிசெய்தன. லாலா லஜபதி ராய் 1907-இல் மாண்டலேக்கு அனுப்பப்பட்டது அந்த வங்காளச் சட்டத்தின்கீழ்தான்.

இத்தகைய சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்றவர்களே ஆட்சிக்கு வந்தபோதும் அந்த அதிகாரம் கைவிடப்படவில்லை. 1936-இல் இந்தியக் குடிமைச் சுதந்திரச் சங்கம் உருவாக முன்னின்றவர் நேரு. 1950 பிப்ரவரியில், அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் கழிந்த நிலையில், தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியதும் அவர் தலைமையிலான அரசே. அரசமைப்புச் சட்டமும் இதற்கு இடம் வைத்திருந்தது. சட்டமே நியாயமானதா என்று நீதிபதிகள் கேட்க இடமளிக்கும் அமெரிக்கத் தொடரை விலக்கி, ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற தொடரை 21-ஆம் பிரிவில் ஏற்ற அரசமைப்பு நிர்ணய சபை, விசாரணையற்ற காவலை அடிப்படை உரிமைகளைக் கூறும் இயலிலேயே, 22-ஆம் பிரிவில், சில வரம்புகளுடன் அனுமதித்தது. உரிமைகளின் பட்டியலுக்குள்ளேயே அவற்றைப் பறிக்கும் வழியும் எழுதப்பட்டது விந்தையே.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன், 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்த நிலையில், 1950 மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்கீழ் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின்முன் நிறுத்தி, காவலுக்கான காரணத்தைச் சொல்லும்படி அரசைக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை அவர் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, எம். கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். ஆறு நீதிபதிகள் விசாரித்த அவ்வழக்கில் 1950 மே 19 அன்று வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு, சட்டமன்றம் இயற்றிய நடைமுறை பின்பற்றப்பட்டால் போதும் என்று கூறி மனுவைத் தள்ளியது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாதென்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு மட்டும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. நடைமுறை என்பதில் நியாயமும் அடங்கும் என்று மாறுபட்டு எழுதிய பசல் அலியின் கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள மேனகா காந்தி வழக்கின் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் நெருக்கடி நிலைக் காலத்தில், ‘மிசா’ எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்ட கைதிகள் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை அணுகும் உரிமையையே இழந்தனர் என்று அதே நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்திருந்தது, நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டுமே அதற்கு உடன்படவில்லை.

மிசா சிறைகளிலிருந்து வெளிவந்தவர்கள் பலர் இடம்பெற்ற ஜனதா ஆட்சி, 44-ஆம் திருத்தத்தால் 21-ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது. ஆனால், காவல் தேவைதானா என்று ஆராயும் ஆலோசனைக் குழுவின் ஒப்புதலின்றி ஒருவரைக் காவலில் வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைக்கும் அத்திருத்தத்தின் மூன்றாம் பிரிவை, அதன்பின் வந்த எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.