காவல்துறையும் வழக்கு நடத்துநரும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு திருட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை பதிவதும், சாட்சிகளை விசாரிப்பதும், குற்றப்பத்திரிகை எழுதுவதும் காவல் நிலையத்தின் பாடு. ஊர்க் குற்றவியல் நடுவர் முன் அந்த வழக்கை நடத்துவது அரசு உதவி வழக்கு நடத்துநர், பேச்சுவழக்கில் ஏ.பி.பி. கொலை என்றால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வாதாடுபவர் அரசு வழக்கறிஞரான பி.பி.

இந்தப் பிரிவினைக்கு வயது அரை நூற்றாண்டுதான். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் காலத்தில் கீழ் நீதிமன்றங்களில் காக்கிச் சட்டையே வாதாடியது. புலன்விசாரணையில் பங்கெடுத்த அலுவலர் வழக்கை நடத்தக்கூடாது. பக்கத்து மேசைக்காரர் நடத்தலாம்! இரண்டையும் பிரிக்கும்படி 1958-இல் சட்ட ஆணையத்தின் 14-ஆம் அறிக்கை சொன்னது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 25-ஆம் பிரிவு, காவல் அலுவலர்கள் ஏ.பி.பி. ஆவதைத் தடுத்தது. இங்கிலாந்தில் இதற்கெனத் தனி அமைப்பு 1986-இல்தான் வந்தது. இலங்கையின் நீதவான் நீதிமன்றங்களிலோ பொலிசார் இன்னும் வழக்கு நடத்துகிறார்கள்.

எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வி தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் எழுந்தது. மணமான இளம்பெண் ஒருவர் இறந்துபோக, குற்றப்பத்திரிகையில் சிலரை விட்டுவிட்டதாகத் தந்தை முறையிட்டார். கோப்பை அரசு வழக்கறிஞரிடம் கொடுத்து, அவர் கருத்துப்படி திருத்திய குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2000-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. யார்மீது குற்றம் சாட்டுவது என்பது புலன்விசாரணை அலுவலரின் முடிவு. வழக்கறிஞரிடம் யோசனை கேட்கலாம், ஆனால் அதன்படியே நடக்க வேண்டும் என்று அலுவலரைக் கட்டாயப்படுத்த முடியாது.

காக்கியிடமிருந்து விலக்கியாயிற்று, கோட்டையிடமிருந்து? ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு அதைச் சோதித்தது. 2001-இல் அவர் மீண்டும் முதல்வரானபின் 76 சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டனர். 64 பேர் பேச்சை மாற்றினர். அரசுத் தரப்பு வழக்கறிஞர் வாய் திறக்கவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் தொடுத்த மனுவின்பேரில் 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாறியது. அப்படியும் மேல்முறையீட்டில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு. வழக்கு மாறியபின் அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு, வழக்குத் தொடர்வு இயக்ககத்துக்கு வேலையைப் பங்கிட்டுத் தருகிறது. 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகள் இயக்குநரின் கண்காணிப்பில் வரும். அந்த இயக்ககம் இயங்குவது உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில். காவல்துறையும் அங்கேதான் இருக்கிறது.