முத்திரையும் மையும்

 

சென்ற ஆண்டு நமது பள்ளிவாசல் கடை வாடகை ரசீது ஒன்று ஓர் அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டப்பட்டிருந்தது, கையொப்பமும் இருந்தது. ஆனால் கையொப்பம் ஸ்டாம்பின் மீது படாமல் அதன் கீழே தனியாக நின்றது. இத்துணைச் சிறிய காரியத்திற்கா திருப்புவது என்று சிலர் வருந்தினர். இச்சிறிய காரியத்தின் பின்னே நெடிய வரலாறு உண்டு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்நிய நாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையிடப்படாத கடிதத்தை ரோமர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டது. ஆகவே அவர்கள் வெள்ளியினால் ஒரு மோதிரம் செய்வித்தார்கள். அதில் முஹம்மது, ரஸூல், அல்லாஹ் என்னும் மூன்று சொற்களும் மூன்று வரிகளாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் அம்மோதிரம் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாட்கள் தேடியும், நீரை இறைத்தும் கிடைக்கவில்லை.

முஆவியா (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்றை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அம்ரு இப்னு ஸுபைர் என்பவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு இராக் ஆளுநர் ஸியாதுக்கு மடல் எழுதப்பட்டது. கொண்டு சென்றவர் வழியில் பிரித்து, ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாகத் திருத்திவிட்டார். கணக்கு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே மடல்களைக் கட்டி முத்திரையிடுவதற்கென ‘திவானுல் காத்தம்’ என்னும் தனி அலுவலகம் ஏற்பட்டது.

தபால்தலையும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. 1840-ல் இங்கிலாந்து வெளியிட்ட உலகின் முதல் ஒட்டும் தபால்தலை கருப்பு நிறத்தது. அதன் மீது சிவப்பு மையால் முத்திரை குத்தினர். மக்களோ அச்சிவப்பைத் துடைத்துவிட்டு மீண்டும் ஒட்டலாயினர்! மறு ஆண்டே தலையைச் சிவப்பாகவும் முத்திரை மையைக் கருப்பாகவும் மாற்ற நேர்ந்தது.

நம் நாடு முழுமைக்குமான தபால்தலைகள் 1854 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன. சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் கடிதமாயினும், கல்கத்தாவுக்குச் செல்வதாயினும், தூரம் பாராமல் எடைக்கேற்ற ஒரே கட்டணம். கால் தோலாவுக்கு அரையணா. அந்த அரையணாத் தலையை முதலில் கல்கத்தாவில் சிவப்பில்தான் அச்சிட்டனர். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துவிடவே நீலத்திற்கு மாறினர்.

இனி நம் ரசீதுக்கு வருவோம். 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், 12-ஆம் பிரிவு, ஒட்டப்படும் ஸ்டாம்பை மறுமுறை பயன்படாதவாறு அடித்துவிட வேண்டும் என்கிறது. பெயரையோ சுருக்கொப்பத்தையோ தேதியுடன் அதன் குறுக்கே எழுதலாம். அவ்வாறு செய்யாவிடில் ஸ்டாம்பு ஒட்டப்படாததாகவே கருதப்படும். லண்டனில் மையைத் துடைத்தவர்களின் வேலையைத் தடுக்கும் அதே ஏற்பாடு!

ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை ரசீதுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்பு வேண்டும். இவ்வரம்பு 2004-ல் ஐந்நூறிலிருந்து உயர்த்தப்பட்டது. கையொப்பத்தின் ஒரு பகுதி ஸ்டாம்பிலும் மறு பகுதி தாளிலும் படுமாறு பேனாவால் எழுதுக. பென்சிலால் எழுதினால் அழித்துவிடலாம். திரும்பி வந்த ரசீதுக்கு மாற்றாகப் புதிய ரசீது எழுதி, இம்முறை நமது செயலாளர் ஸ்டாம்பின் குறுக்கே ஒப்பமிட்டுக் கொடுத்தார்.