நீலத்திரை சொன்ன எண்கள்

பழைய டெஸ்க்டாப் வைத்திருந்தவர்களுக்கு நீலத்திரை என்றாலே வயிற்றில் புளி கரையும். டைப் பண்ணிய கல்யாணப் பத்திரிகை, பாதி முடித்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட், எல்லாம் ஒரு நொடியில் போயே போச்சு. ஆனால் அந்தத் திரை நம்மைக் காப்பாற்றத்தான் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1993-ல் வந்த விண்டோஸ் என்டி-யில் இந்தத் திரையை எழுதியவர் மைக்ரோசாஃப்டின் ஜான் வெர்ட். கெர்னலுக்குள் நினைவகம் குழம்பிவிட்டது என்று தெரிந்த பிறகும் ஓடவிட்டால், குப்பை தகவல் டிஸ்க்கில் எழுதப்பட்டு நல்ல ஃபைலும் கெடும். அதனால் 'இங்கேயே நில்' என்று நிறுத்தி, காரணத்தை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அதுதான் ஸ்டாப் கோட். விண்டோஸ் 98-ன் நீலத்திரை வேறு ரகம். பல சமயம் ஒரு கீயைத் தட்டினால் வேலையைத் தொடரலாம். 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, ஸ்கேனரைச் செருகியதும் வந்து உலகமே சிரித்தது அந்த ரகம்தான்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 7பி என்றால் பூட் ஆகவேண்டிய டிஸ்க்கை விண்டோஸால் தொட முடியவில்லை: கேபிள், பயாஸ் செட்டிங் பாருங்கள். 24 என்றால் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பில் சிக்கல். 50, அல்லது தடவைக்கு ஒரு எண் என்றால் முதல் சந்தேகம் ராம் மீது. கழற்றி, தங்கநிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டுவது ரிச்சி தெரு மெக்கானிக்குகளின் முதல் வைத்தியம். சும்மா இல்லை, பற்களில் படியும் அழுக்கு நிஜமாகவே தொடர்பைக் கெடுக்கும்.

நம்ம ஊருக்கென்று இரண்டு காரணங்கள் கூடுதல். ஒன்று வெயில். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்களோடு உலகம் முழுக்க ஏராளமான மதர்போர்டுகள் வந்தன. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதன் தலை உப்பியிருந்தால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது. மற்றொன்று கரண்ட். 2012-ல் சென்னையிலேயே தினம் 2 மணி நேர மின்வெட்டு. யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் அடி டிஸ்க்குக்கு.

இதே காலத்தில் நந்தனத்தில் இன்னொரு பதிலைத் தேடினார்கள். அங்கே அண்ணா சாலையில் இருந்த எல்காட் அலுவலகம்தான் அரசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த இடம். ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில், எல்காட் தன் மெஷின்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. வைரஸ் தொல்லையும் லைசன்ஸ் செலவும் முக்கியக் காரணங்கள். துணிச்சலான முடிவுதான். ஆனால் ராம் கெட்டிருந்தால் லினக்ஸும் கெர்னல் பேனிக் ஆகி நிற்கும். உப்பிய கெப்பாசிட்டருக்கு ஓஎஸ் பேதம் கிடையாது. அங்கே கிடைத்த லாபம் வேறு: உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கும் உரிமை.

விண்டோஸ் போன பாதை நேர் எதிர். எக்ஸ்பி-யில் எண்ணைப் படிப்பதற்குள் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். (மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.) 2012-ல் விண்டோஸ் 8, எண்களை எடுத்துவிட்டு ஒரு சோக முகத்தைப் போட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்து, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதியபோது, பயணிகள் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

2025-ல் திரை கறுப்பாகிவிட்டது. முகம் போய்விட்டது, ஸ்டாப் கோடும், தவறு செய்த டிரைவரின் பெயரும் இருக்கின்றன. நிறம் எதுவானால் என்ன, பழுதுபார்ப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வரி. அடுத்த தடவை வந்தால் பவர் பட்டனை அழுத்துவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.