ரேண்டம் – சொல்லும் பொருளும்

ரேண்டம் என்பது முன்கூட்டிக் கணிக்க இயலாத தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இதன் மூலமான பழைய பிரெஞ்சுச் சொல் வேகத்தையும் மூர்க்கமான பாய்ச்சலையும் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திலும் அப்பொருளிலேயே வழங்கியது. தறிகெட்டு ஓடுவதற்கு இலக்கு இல்லை. எனவே பின்னர் 'குறியின்றி' என்ற பொருள் கிளைத்தது. 17ஆம் நூற்றாண்டில் அப்பொருளில் பெயரடையாகவும் வழங்கலாயிற்று.

புள்ளியியல் இச்சொல்லுக்கு நேர்மாறான ஒழுங்கைத் தந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போன்ற முறையால் ஒதுக்க வேண்டும் என வலியுறுத்தினார். வளமான பாத்திகளுக்கே புதிய உரத்தை இட்டால், விளைச்சல் கூடியது உரத்தாலா மண்ணாலா என்று அறிய இயலாது. இங்கு ரேண்டம் என்பது ஏனோதானோவென்று செய்வதன்று. ஆய்வாளரின் சாய்வை விலக்கும் கட்டுப்பாடு.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைச் 'சமவாய்ப்பு' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'எழுமாறு' என்றும் வழங்குகின்றன. முதற்சொல்லைக் கவனத்துடன் கொள்ள வேண்டும். இரு பகடைகளை உருட்டினால் கிடைக்கும் கூடுதல் ஒரு சமவாய்ப்பு மாறி. ஆயினும் கூடுதல் 7 வர 36இல் 6 வழிகள் உண்டு; 2 வர ஒரே வழிதான். வாய்ப்புகள் சமமாக இல்லாதபோதும் ஒரு நிகழ்வு ரேண்டமாக இருக்கலாம். அடுத்த விளைவைச் சொல்ல முடியாது. ஆனால் அதன் வாய்ப்பைக் கணக்கிட முடியும்.